பாடலில் வெட்டுப்பட்ட வாசல்

நியூ ஜெர்சி மாநிலம், மார்லோ நகர நீதிமன்றத்தில், 1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எழுத்தர் முன்பாக, என் வழக்கறிஞர் ஐசேயா டட்லி உடனிருக்க நான் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் வெர்னீஸ் ஹைட்டவர். வயது இருபது. தகப்பனார் காலஞ்சென்ற ஆர்ச்சி ஹைட்டவர். மார்லோ நகரம், ஹில் தெரு, 41ஆம் எண் வீட்டின் இரண்டாம் மாடியில் என் தாயார் அல்மா ஹைட்டவருடன் குடியிருந்து வருகிறேன். கடந்த பிப்ரவரி வரை மிட்டாய்த் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை பார்த்தேன். அதன் பிறகு ‘லாவெண்டெல்ஸ்’ என்ற மூவர் குழுவில் பாடி வருகிறேன். ‘திரும்பி வா’ என்று எல்லா ஊர் வானொலியிலும் ஒலிக்கும் பாட்டில் முன்குரல் என்னுடையது. இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இல்லை.

என் மீது மூன்று குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. உறுப்பினர் அல்லாத நான் ஹார்ட்வெல் பூங்கா நீச்சல்குளத்தில் அத்துமீறி நுழைந்தேன் என்பது முதலாவது. அங்கே ஒலிவாங்கியைப் பறித்துக் கத்தினேன் என்பது இரண்டாவது. குளத்தில் இருந்தவர்களைப் பீதியடையச் செய்து பொது அமைதியைக் குலைத்தேன் என்பது மூன்றாவது. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ராய்ஸ் என்று ஒரே அண்ணன் இருந்தார். டயர் பட்டறையில் வேலை. 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வயது இருபது. அன்று கடுமையான வெயில். தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் அண்ணனும் நானும், அடுத்த வீட்டுத் தோழி டோரதியா பிங்க்னியும், அண்ணனின் பட்டறைத் தோழர் செஸ்டர் என்பவரும் துண்டு, மாற்றுத்துணி சகிதம் ஹார்ட்வெல் பூங்காவுக்கு நடந்து சென்றோம். கறுப்பர்களான எங்கள் தெருவாசிகளை அங்கே விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் விடுகிறார்கள் என்று யாரோ சொன்னதாக அண்ணன் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

வாசலில் சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் மேலாளர் வால்டர் ஹன்னிகட் இருந்தார். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

“இன்னிக்குக் குளம் கிடையாதுப்பா. தண்ணி மாத்துறோம்” என்றார்.

உள்ளே பிள்ளைகள் கூச்சல் போடுவதும் தண்ணீரில் குதிப்பதும் எங்களுக்குக் கேட்டது. அப்போதே தலையில் நீர் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக்காரச் சிறுமி ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனாள்.

“தண்ணியே இல்லாத குளத்துல இந்தப் பாப்பா எப்படிங்க நனைஞ்சுது?” என்று அண்ணன் கேட்டார். அவருக்கு எதையும் சிரித்துக்கொண்டே கேட்கும் பழக்கம்.

“அவங்கல்லாம் உறுப்பினருங்க.”

“சரி, உறுப்பினராகணும்னா நான் யாரைப் பாக்கணும்?”

“பட்டியல் நிரம்பிப் போச்சு.”

“எப்ப காலியாகும்?”

“உன் காலத்துல ஆகாது” என்று ஹன்னிகட் சொன்னார். அதன் பிறகு கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டு, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பித்தளைப் பூட்டு. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். டோரதியாவும் பார்த்தாள்.

அதன் பிறகு அண்ணனும் செஸ்டரும், செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் போய்க் குளிப்பதாகச் சொன்னார்கள். மழைத் தண்ணீர் நின்று நின்று அது பெரிய குட்டையாகிவிட்டது. எங்கள் தெருப் பையன்கள் அங்கேதான் குளிப்பார்கள், வேறு இடம் கிடையாது. டோரதியாவும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். பிரியும்போது அண்ணன், “அம்மாகிட்டச் சொல்லு, கோழிக் கால் ரெண்டும் எனக்குன்னு” என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அண்ணனுக்கு நீச்சல் அரைகுறையாகத்தான் வரும். கரையோரம் இடுப்பளவு ஆழம். இரண்டடி தள்ளினால் களிமண் செங்குத்தாக இறங்கும். அவர் குதிக்கவில்லை. கரையிலிருந்து நடந்து இறங்கினார், இறங்கிய இடத்தில் கால் வழுக்கியது, அவ்வளவுதான் என்று செஸ்டர் சொன்னார். கத்தக்கூட இல்லை என்றும், திரும்பிப் பார்த்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது என்றும் சொன்னார். செஸ்டருக்கும் நீச்சல் தெரியாது. அவர் அரை மைல் ஓடி ஒரு கடையில் தொலைபேசி கேட்டார். தீயணைப்பு வண்டி வருவதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

செய்தி கேட்டு அம்மாவும் நானும் வண்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். கரையில் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு, அதாவது தேவாலயத்துக்கென்று வைத்திருந்த கறுப்புச் சப்பாத்து, ஜோடியாக இருந்தது. காலுறைகளை மடித்து உள்ளே வைத்திருந்தார். அம்மா அழவில்லை. மாவு அப்பிய கையோடு கரையில் நின்று, சின்ன வயதில் விளையாடப்போன அண்ணனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார். “ராய்ஸ், வா சாமி, வீட்டுக்கு வா.” அதற்கென்று அவரிடம் ஒரு ராகம் உண்டு. மூன்று தடவை ஏறி, நான்காவது தடவை இறங்கும். ஹில் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் குரல் கேட்டால் அண்ணன் எங்கிருந்தாலும் ஓடி வருவார். அம்மா இரண்டு மணி நேரம் கூப்பிட்டார். தீயணைப்பு வீரர்கள் கொக்கி போட்டு அண்ணனை வெளியே எடுக்கும்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாயைப் பொத்துவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் என்னை விசாரித்தார்கள். நான் ஹார்ட்வெல் வாசலிலிருந்து தொடங்கினேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தி, “அது வேண்டாம்மா. சாவு நடந்தது பள்ளத்துலதானே? அதை மட்டும் சொல்லு” என்றார். சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ‘இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு’ என்று முடித்தார்கள். செய்தித்தாளில் ஆறு வரி வந்தது. அதிலும் வாசல் இல்லை.

அதன் பிறகு அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு பாட்டுக் கட்டினேன். பல்லவிக்கு அம்மா கூப்பிட்ட ராகத்தை அப்படியே வைத்தேன். ‘திரும்பி வா, அண்ணா’ என்பது முதலடி. முதல் சரணம் பள்ளத்தின் கரையைப் பற்றியது, இரண்டாவது சரணம் பூட்டிய வாசலைப் பற்றியது. டோரதியாவும், பாடகர் குழுவிலிருந்த ஜோயெட்டா கிளே என்பவளும் பின்குரல் சேர்த்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பாடிப் பழகினோம். முதலில் அம்மாவிடம் பாடிக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “வாசலையும் வச்சிருக்கே. நல்லது” என்றார்.

1963 செப்டம்பரில் ஒரு பாட்டுப் போட்டியில் எங்களைக் கேட்ட ஒருவர், நியூயார்க்கில் டான் ப்ரூவர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளரிடம் எங்களை அனுப்பினார். ஏழாவது மாடியில் ஒரு சிறிய அறை. நாங்கள் பாடி முடித்தபோது பியானோ வாசித்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ப்ரூவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“ராகம் தங்கம்! ஆனா பொண்ணுங்களா, ஒண்ணு யோசிங்க. எந்தப் பொண்ணாவது அண்ணனை நினைச்சுக்கிட்டு இசைத்தட்டு வாங்குவாளா? அண்ணாவைக் கண்ணா ஆக்கிடுவோம். ஒரே ஒரு எழுத்துதானே!”

“அது என் கூடப் பிறந்தவருங்க” என்றேன்.

“உனக்கு அண்ணன்தாம்மா, யாரு இல்லைன்னா? கேக்குறவளுக்குக் காதலனா இருந்துட்டுப் போகட்டும். உங்க அண்ணனுக்கு இதுல என்ன குறைஞ்சுடும்?”

வாசல் சரணத்தை மாற்றக்கூடாது என்று நான் சொன்னேன். “தொடவே மாட்டேன். அதுதான் பாட்டுக்கே உயிர்” என்று அவர் சொன்னார். டோரதியாவும் ஜோயெட்டாவும் சாட்சி. அதன் பேரில் அந்த ஓர் எழுத்தை மாற்ற நான் சம்மதித்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. அம்மாவின் குரல் ஊரெல்லாம் கேட்கட்டும் என்று நினைத்தேன். எனக்குப் பாட வேண்டும் என்றும் ஆசை இருந்தது. மிட்டாய்ப் பெட்டி கட்டிக் கட்டி என் விரல்நுனிகள் வெடித்திருந்தன. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணா என்று கூப்பிட்ட வாயால் அன்று பதினேழு தடவை கண்ணா என்று பாடினேன். ப்ரூவர் திருப்தியாகும்வரை பாட வேண்டியிருந்தது. வாசல் சரணத்தையும் பாடினோம். அதை மட்டும் ஒரே தடவையில் சரியாகப் பாடிவிட்டோம்.

கடந்த பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, சமையலறை வானொலியில் பாட்டு வந்தது. நாங்கள் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. பல்லவி வந்ததும் அம்மா கீரையைக் கீழே வைத்தார். முதல் சரணம் முடிந்து வாசல் சரணம் வர வேண்டிய இடத்தில் இசை சட்டென்று நின்று, தொபீர் என்று ஒருவர் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வயலின்கள் வந்தன, மறுபடியும் பல்லவி வந்தது, பாட்டு முடிந்துவிட்டது. அறிவிப்பாளர், “அய்யய்யோ, பையன் போயிட்டாண்டா!” என்று சிரித்துவிட்டுப் பல்பொடி விளம்பரம் படித்தார்.

அம்மா வானொலியை அணைத்தார். “அந்தச் சத்தத்தை நீயா வைக்கச் சொன்னே?” என்று கேட்டார். இல்லையம்மா, எனக்குத் தெரியாது என்றேன். அவர் வெகுநேரம் கையைக் கழுவினார். அதன் பிறகு குழாயை மூடாமலே, “நான் அவனைத் தண்ணியிலேருந்து வெளியே கூப்பிட்டேன், பாப்பா. அதே குரலை எடுத்து அவனை மறுபடி உள்ளே தள்ளிட்டாங்க” என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் வானொலி போடுவதில்லை. ஆனால் கீழ்வீட்டில் போட்டார்கள், எதிர்க்கடையில் போட்டார்கள், தெருவில் போகும் ஒவ்வொரு காரிலும் போட்டார்கள். அந்த இடம் வரும்போது அம்மா போர்வையால் காதை மூடிக்கொள்வார்.

மறுநாளே நான் பேருந்து ஏறி நியூயார்க் போனேன். ப்ரூவர் சந்தோஷமாக வரவேற்றார்.

“கேட்டியா அந்தச் சத்தத்தை? என் மூளை! ஓட்டல் குளியல் தொட்டியில பத்து பவுண்டு உருளைக்கிழங்கு மூட்டையைப் போட்டுப் பதிவு பண்ணோம். மூணாவது தடவைதான் சரியா வந்துது.”

வாசல் சரணம் எங்கே என்று கேட்டேன்.

“கண்ணு, இரண்டரை நிமிஷத்துக்கு மேலே போனா ஒருத்தனும் போட மாட்டான். அதுவும் இல்லாம, பூட்டு, கம்பி, வெளியே நிறுத்துறதுன்னா தெற்கு மாநிலங்கள்ல பாதி வானொலி நிலையங்கள்ல தட்டை ஒடிச்சே போட்டுடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்.”

“எங்க அண்ணன் சத்தமே போடலைங்க. நடந்து இறங்கினாரு” என்றேன்.

“அதைப் பதிவு பண்ண முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டார்.

என் அண்ணனின் எடை நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு. அவருக்குப் பதிலாகப் பத்து பவுண்டு உருளைக்கிழங்கைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மூன்று ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பிறகும் ஒப்பந்தப்படி பதினொரு மேடைகளில் நான் அந்தப் பாட்டைப் பாடினேன். சத்தம் வரும் இடத்தில் மேடைக்குப் பின்னால் ஒருவர் வாளித் தண்ணீரில் எதையாவது போடுவார். கூட்டமே சேர்ந்து ‘தொபீர்’ என்று கத்தும். பதினொன்றாவது மேடை முடிந்ததும் எனக்குக் குரல் அடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். குரல் அடைக்கவில்லை.

கடந்த மே மாதக் கடைசி வாரத்தில் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. ஹார்ட்வெல் பூங்கா நீச்சல்குளம் மே 30ஆம் தேதி சனிக்கிழமை திறக்கப்படுகிறது என்றும், அன்று மதியம் ‘தொபீர் போட்டி’ நடைபெறும் என்றும் அதில் இருந்தது. ‘திரும்பி வா’ பாட்டு ஒலிக்கும், சத்தம் வரும் இடத்தில் பத்துப் பேர் குளத்தில் குதிக்க வேண்டும், அதிகத் தண்ணீர் தெறிக்கவிடுபவருக்குப் பரிசு. அடியில் ‘நம் ஊர்ப் பெண்கள் பாடிய பாட்டு!’ என்று அச்சடித்திருந்தார்கள். நம் ஊர்ப் பெண்களில் ஒருத்திக்கும் அழைப்பு இல்லை. என் குரல் ஒலிபெருக்கி வழியாக உள்ளே போகலாம், நான் வாசல் வழியாகப் போகக்கூடாது. அந்தத் தாளை அம்மா பார்க்காமல் இருப்பதற்காக அடுப்பில் போட்டேன்.

அன்று நான் டோரதியாவின் வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டோரதியா கூட வந்தாள். ஜோயெட்டாவின் தகப்பனார் அவளை விடவில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வழியில் டோரதியா, “உள்ளே போய் என்னடி பண்ணப் போறே?” என்று கேட்டாள். “தெரியல” என்றேன். “நல்ல திட்டம்” என்றாள். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

கதவு விரியத் திறந்திருந்தது. கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது, நாங்களும் போனோம். ஒருவரும் தடுக்கவில்லை. முதல் குற்றத்தை நான் மறுக்கவில்லை, உள்ளே போனது உண்மை. குளத்தோரம் ஒரு மேசையில் இசைத்தட்டும் ஒலிவாங்கியும் வைத்துக்கொண்டு வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நின்றிருந்தார். பத்து இளைஞர்கள் வரிசையாகக் கரையில் நின்றிருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார், இசைத்தட்டு உறையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஏய், நீங்க லாவெண்டெல்ஸ் பொண்ணுதானே? யாருமே சொல்லலையே! ஜனங்களே, பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு!” என்று கூவி, ஊசியை அவரே தூக்கிவிட்டு, ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார். நான் பறித்ததாக எழுதியிருப்பது பொய். அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

அதன் பிறகு நான், “என் அண்ணன் பேரு ராய்ஸ் ஹைட்டவர். இந்தப் பாட்டு அவருக்காகக் கட்டினது. இது முழுப்பாட்டு” என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினேன். கத்தியதாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. நான் கத்தவில்லை, பாடினேன். நாடு முழுவதும் மூன்று மாதமாக எந்தக் குரலைப் பாட்டு என்று சொல்லிக் கேட்டார்களோ, அதே குரல்தான். கண்ணா என்ற இடங்களில் அண்ணா என்று பாடினேன். டோரதியா பின்குரல் கொடுத்தாள். அவள் குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. முதலில் கைதட்டினார்கள். வாசல் சரணம் வந்ததும் கைதட்டல் நின்றது. சீட்டுச் சன்னலிலிருந்து ஹன்னிகட் எங்களை நோக்கி வேகமாக நடந்து வந்தார்.

சரணத்தை முடித்துப் பல்லவிக்கு மூச்சு இழுத்த நேரத்தில், வேலிக்கு வெளியிலிருந்து என் தாயார் கூப்பிட்டார்.

அவர் வந்தது எனக்குத் தெரியாது. நான் எரித்த தாளைப் போலவே வேறொரு தாள் கீழ்வீட்டில் இருந்திருக்கிறது. அவர் வேலிக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, “ராய்ஸ், வா சாமி, வீட்டுக்கு வா” என்று தன் ராகத்தில் கூப்பிட்டார். அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

அங்கே உயரமான நாற்காலியில், குளிப்பவர்கள் மூழ்காமல் காக்கும் லைஃப்கார்ட் ஒருவர் இருந்தார். வெள்ளைக்கார இளைஞர். பெயர் நோர்பர்ட் ஷீஹன் என்று பின்னால் அறிந்தேன். இந்தப் பாட்டின் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு தாய் தண்ணீரைப் பார்த்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் எழுந்து விசிலை மூன்று முறை ஊதினார். “எல்லாரும் மேலே ஏறுங்க! உடனே!” என்றார். எல்லோரும் அலறியடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர் ஆழமான பக்கத்தில் குதித்தார். அடியைத் தடவிக்கொண்டே குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூழ்கினார். நான்கு முறை இப்படிச் செய்தார். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது, யாரும் மூழ்கவில்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், உயிரோடு மீட்க முடியும் என்று நம்பி ஒருவர் என் அண்ணனைத் தேடுவதை நான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குற்றம் இதுதான் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது முறை மேலே வந்த ஷீஹன், தண்ணீர் சொட்ட வேலியருகே ஓடி, என் தாயாரிடம், “எந்தப் பக்கம் விழுந்தாருங்க? காட்டுங்கம்மா, சீக்கிரம்!” என்று கேட்டார்.

அம்மா கூப்பிடுவதை நிறுத்தினார். கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் நெற்றியிலிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டார்.

“இங்க இல்லப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு. அவனை இங்க விட்டிருந்தா நீ எடுத்துக் கொடுத்திருப்பே” என்றார்.

ஷீஹன் அங்கேயே வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஹன்னிகட் வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். ஆம், பறித்தவர் அவர்தான். “உன்னை உள்ளே விட்டது யாரு?” என்று கேட்டார். “நீங்கதான் சார். காலையிலேருந்து என் பாட்டைத்தானே போட்டுக்கிட்டிருக்கீங்க” என்றேன். பத்து நிமிடத்தில் காவல் வண்டி வந்தது. என் அண்ணனுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். சார்ஜென்ட் என் கையில் விலங்கு மாட்டும்போது, கூட்டத்தில் ஒரு பெண்மணி, “அந்தப் பொண்ணு பாடத்தானே செஞ்சுது?” என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. போட்டி அன்று நடக்கவில்லை.

ஷீஹனை அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிந்தேன். அவர் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். நீதிமன்றத்துக்கு வந்து, நடந்ததைச் சொல்வதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுவதாக ஹன்னிகட் தரப்பில் சொன்னார்கள். பாட்டு விற்பனைப் பட்டியலில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் அதில் கையெழுத்துப் போடும்படி ப்ரூவர் தந்தி அடித்திருக்கிறார். நான் போட மாட்டேன். அனுமதி இல்லாமல் உள்ளே போனேன். அதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் மறுக்கிறேன்.

எழுத்தர் ஐயாவிடம் ஒரு கோரிக்கை. சற்று முன் நான் சரணம் பாடியதைச் சொன்னபோது, நீங்கள் ‘வாசல் சரணம் வந்ததும்’ என்று மட்டும் எழுதிவிட்டு மேலே போனீர்கள். அந்தச் சரணத்தின் வரிகளைச் சொல்கிறேன், வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். 1962இல் காவல் நிலையத்தில் அதை எழுதவில்லை. செய்தித்தாளில் போடவில்லை. இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். நீதிமன்றக் காகிதத்திலிருந்து யாரும் எதையும் வெட்டக்கூடாது என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். ஆகவே இங்கே இருக்கட்டும்:

வெயிலுக்குக் கதவில்லே, குளத்துக்குக் கதவுண்டு,
கதவுக்குள்ளே சிரிப்பு, கம்பிக்கு வெளியே நாம.
பூட்டுப் போட்ட மனுசன் பொழுதோட வீடு போனான்,
நீ மட்டும் இன்னும் வீடு வரலையே, அண்ணா.

இவ்வளவும் நான் சுயநினைவோடு, யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொன்னவை. திரும்பப் படித்துக் காட்டினார்கள். கடைசி வரியில் ‘கண்ணா’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘அண்ணா’ என்று திருத்தச் செய்து, திருத்தத்தின் பக்கத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை என்று உறுதிகூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வெர்னீஸ் ஹைட்டவர்